கணவன், மனைவி இருவருமே ‘தற்காப்பு’ என்றபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊர், தொழில், சில தேதிகள் மாற்றப்பட்டுள்ளன. சம்பந்தப்பட்ட பெண் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார். நான் அவருடைய வழக்கறிஞர். அதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள். கணவரைப் பற்றி இங்கே வருவதெல்லாம் அவர் கொடுத்த புகார், மருத்துவமனைப் பதிவு, போலீஸில் சொன்ன வாக்குமூலம் ஆகிய மூன்றிலிருந்து எடுத்தவை.

பின்னணி

கொங்குப் பகுதியில் ஒரு சிறு நகரம். கணவர் சொந்தத்தில் சில விசைத்தறிகள் போட்டுக் கூலிக்கு நெய்பவர். மனைவி பி.காம். படித்தவர், நூல் மில் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. 2015-ல் கல்யாணம், ஒரு பெண் குழந்தை.

தறி வாங்கிய கடனுக்காக மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. வட்டி ஏறியது, நகை திரும்பவில்லை. சம்பள நாளில் ஏ.டி.எம். கார்டை யார் வைத்திருப்பது என்பதில் ஆரம்பிக்கும் சண்டை அடியில் முடியும். 2022-ல் ஒருமுறை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். இரு வீட்டுப் பெரியவர்களும் வந்து பேசி, ‘இனிமேல் ஒற்றுமையாக வாழ்வோம்’ என்று எழுதி வாங்கி மனுவை முடித்துவிட்டார்கள். அந்தத் தாள் பின்னால் எங்களுக்கு உதவும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2024 நடுவில் கணவர் விவாகரத்துக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். மனைவி கொடுமைக்காரி என்பது காரணம். மகளின் பள்ளியை உத்தேசித்து இவர் அதே வீட்டிலேயே தங்கினார். ஒரே வீடு, தனித்தனிச் சமையல், பேச்சு இல்லை. இப்படி மாதக்கணக்கில் இருக்கும் தம்பதிகளை இந்தத் தொழிலில் நிறையப் பார்க்கிறோம். நோட்டீஸ் வந்த பிறகும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அந்த இடைக்காலம்தான் ஆபத்தானது என்பது என் அனுபவம்.

அன்று இரவு

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு எட்டரை மணி வாக்கில். நகைகள் ஏலத்துக்குப் போகப் போகின்றன என்ற அறிவிப்பு முந்தின நாள் வந்திருந்தது. அதை இவர் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடகுச் சீட்டைக் கேட்டார். கணவர் போனைப் பிடுங்க வந்தார். இவர் சமையலறைக்குள் போனார். பின்னாலேயே வந்தவர் வலது கையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு இறுக்கினார். இது மனைவி சொன்னது.

மூச்சு முட்டியதும் அவருடைய முன்கையைக் கடித்தார். பிடி தளரவில்லை. அடுப்பு மேடையில் கை எட்டிய இடத்தில் குழம்பு ஊற்றும் இரும்புக் கரண்டி இருந்தது. அதை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினார். பிடி விட்டது. ஹாலில் நின்ற மகளைக் கூட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருமுனை ஆட்டோவைப் பிடித்துப் பக்கத்து ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

கணவர் நேராக அரசு மருத்துவமனைக்குப் போனார். நெற்றியின் வலது பக்கம், முடி தொடங்கும் இடத்தில் நான்கு தையல்.

இரண்டு புகார்கள்

மருத்துவமனையிலிருந்து தகவல் போய், அன்று இரவே கணவரின் புகாரில் எஃப்.ஐ.ஆர். பதிவானது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 118(1), 351(3): ஆபாசமாகத் திட்டியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல். பழைய சட்டத்தில் 294(பி), 324, 506(2) என்று சேர்ந்தே விழும் அதே மூன்று பிரிவுகளின் புது எண்கள். தமிழ்நாட்டில் அடிதடிப் புகார் என்றால் இந்த மூன்றும் ஏறக்குறைய அச்சடித்தது போல வரும்.

மனைவி மறுநாள் மதியம்தான் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து மகளிர் காவல் நிலையம். அங்கே கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை மட்டும். “உங்க மேலதான் ஏற்கெனவே கேஸ் இருக்கேம்மா” என்றார்களாம். குடும்பத் தகராறு என்றால் முதல்கட்ட விசாரணை நடத்திவிட்டு வழக்குப் பதியலாம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இடம் கொடுத்திருக்கிறது. அதனால் சி.எஸ்.ஆர். கொடுத்ததை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே இரவில், ஒரே சமையலறையில் நடந்த ஒரே சம்பவத்தில் ஒரு பக்கத்துக்கு எஃப்.ஐ.ஆர்., மறுபக்கத்துக்கு விசாரணை என்று ஆகும்போது, முதலில் மருத்துவமனைக்குப் போனவரே பாதிக்கப்பட்டவர் என்று கோப்பு தீர்மானித்துவிடுகிறது.

என்னிடம் வரும்போது அவர் சந்தேகக் குற்றவாளி. குரல் கரகரத்திருந்தது. கூட வந்த அம்மா கேட்டார்: “ஒம்பது வருசமா அடி வாங்கியிருக்கா கண்ணு. ஒரு அடி திருப்பிக் குடுத்தா அது தப்பாங்க மேடம்?”

அந்தக் கேள்விக்குச் சட்டம் சொல்லும் பதில் பலருக்குப் பிடிக்காது. ஒன்பது வருட அடி தற்காப்பு ஆகாது. தற்காப்பு உரிமை அந்த நிமிடத்தின் ஆபத்துக்கு மட்டுமே. வருடக்கணக்காகச் சேர்ந்த வேதனை வேறு கணக்கில் வருகிறது. 1989-ல் சென்னை உயர் நீதிமன்றம், கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், நல்லதங்காளின் பெயரைச் சொல்லி, ‘தொடர்ச்சியான ஆத்திரமூட்டல்’ என்பதை ஏற்றது. அது குற்றத்தின் அளவைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. எங்களுக்குத் தேவை குற்றமே இல்லை என்பது. அதனால் ஒன்பது வருடத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த நிமிடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

காயங்கள் சொன்னது

இருவருடைய ஏ.ஆர். (காயங்களை எழுதும் மருத்துவமனை விபத்துப் பதிவேடு) நகல்களையும் வாங்கி அருகருகே வைத்துப் படித்தோம். வழக்கின் முக்கால்வாசி அதில்தான் இருந்தது.

கணவரின் பதிவில், ‘வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தெரிந்த நபர் (மனைவி) கரண்டியால் தாக்கியதாகக் கூறப்படுகிறது’ என்று இருந்தது. காயங்கள் மூன்று: நெற்றியின் வலது பக்கம் கிழிந்த காயம், வலது முன்கையில் மனிதக் கடி, இடது தோள்பட்டையில் கன்றிய காயம். கடியைப் பற்றி அவருடைய புகாரில் ஒரு வார்த்தை இல்லை. பணியில் இருந்த மருத்துவர் கையைப் பார்த்து, டி.டி. ஊசி போட்டு, பொறுப்பாக எழுதி வைத்திருந்தார். டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் முன்கை மனைவியின் வாய்க்கு எப்படிப் போனது?

அடுத்தது நெற்றிக் காயம் எந்தப் பக்கம் என்பது. மனைவி வலக்கைப் பழக்கம் உள்ளவர். எதிரே நின்று வலக்கையால் வீசினால் அடி பெரும்பாலும் எதிராளியின் இடது பக்கத்தில் விழும். பின்னால் நிற்பவர் மேல் தோளுக்கு மேலாக வீசினால் வலது பக்கத்தில் விழும். இது ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் அல்ல. எந்த மருத்துவரும் கூண்டில் ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் சொல்ல மாட்டார். ஆனால் கடியோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நிலையைக் காட்டின.

மனைவியின் பதிவு இளைத்திருந்தது. ‘கழுத்தில் சிராய்ப்பு’ என்று ஒரே வரி. கழுத்து நெரிப்பில் இது அடிக்கடி நடக்கும். வெளிக்காயம் எதுவும் இல்லாமலே இருக்கலாம், இருந்தாலும் தடம் மறுநாள்தான் தெளிவாகும். கையால் இறுக்கும்போது, கயிறு போலக் கோடு விழுவதில்லை. பார்க்க வேண்டியவை வேறு: கரகரத்த குரல், எச்சில் விழுங்கும்போது வலி, கண்ணின் வெள்ளைப் பகுதியில் ரத்தச் சிவப்பு. இடது கண்ணின் ஓரத்தில் அந்தச் சிவப்பு எனக்கே தெரிந்தது. உடனே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அனுப்பினோம். சட்டத்துக்காக மட்டும் இல்லை, தொண்டையில் உள்வீக்கம் வந்தால் அது உயிருக்கே ஆபத்து. மூன்றையும் அவர் எழுதிக் கொடுத்தார்.

இன்னும் ஒன்று தானாக அமைந்தது. ஆட்டோவில் போகும்போது அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். ‘அண்ணா, நான் அங்க வர்றேன், கதவத் தொறந்து வை’ என்பது மட்டும்தான். அதில் யார் மேலும் புகார் இல்லை. ஆனால் குரல் உடைந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்குகிறது. அன்று காலை அதே அண்ணனுக்கு அனுப்பிய இன்னொரு பதிவில் குரல் தெளிவாக இருக்கிறது. அண்ணி இரவே எடுத்த கழுத்துப் படங்களும் இருந்தன. இரண்டு போன்களையும் மாற்றக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது என்று சொல்லி, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குத் தேவையான 63(4) சான்றிதழைத் தயார் செய்தோம்.

ஒப்புக்கொள்வதா, மறுப்பதா

முன்ஜாமீன் மனுவில்தான் முதல் பெரிய முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எந்த அலுவலகத்திலும் இப்படிப்பட்ட மனுவுக்கு ஒரு வார்ப்பு இருக்கும்: ‘மனுதாரர் நிரபராதி, சம்பவத்துக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, முன்விரோதத்தால் பொய்ப்புகார்.’ குடும்பத்தாரும் அதைத்தான் விரும்பினார்கள். அண்ணன், “அவரே செவுத்துல மோதிக்கிட்டார்னு போட்டுடலாங்க மேடம்” என்றார்.

அப்படிப் போடவில்லை. ‘அடித்தது உண்மை, கழுத்து இறுக்கப்பட்ட நிலையில் விடுபடுவதற்காக அடித்தார்’ என்று எழுதினோம். காரணம் எளிது. தற்காப்பு என்று சொல்வதற்கு முதலில் அடியை ஒப்புக்கொள்ள வேண்டும். அடிக்கவே இல்லை என்பவர் எதிலிருந்து தற்காத்துக்கொண்டார்? வெளிப்படையாகக் கேட்காவிட்டாலும் சாட்சியத்திலிருந்து தற்காப்பு தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கொடுக்கலாம் என்பது சரிதான். ஆனால் முதல் நாள் மறுத்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தற்காப்பு என்றால், அது யோசித்துச் சேர்த்த கதையாகத்தான் தெரியும்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. விதிவிலக்கைக் கோருபவரே அதைக் காட்ட வேண்டும் என்கிறது சாட்சிய அதிநியமத்தின் 108-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 105. அடியை ஒப்புக்கொண்ட பிறகு தற்காப்பைக் காட்ட முடியாவிட்டால், எதிர்த்தரப்பின் வேலை பாதி முடிந்த மாதிரி. ஆனால் அதைச் சந்தேகமற நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். ஏ.ஆர். நகல்களைப் பார்த்த பிறகு அந்த அளவைத் தொட முடியும் என்று எனக்குத் தோன்றியது. நகல்கள் கைக்கு வராமல் இருந்திருந்தால் இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டேன்.

முன்ஜாமீன் கிடைத்தது. கணவர் புகார் கொடுத்த நிலையத்திலேயே போய்த் தினமும் கையெழுத்துப் போடச் சொல்லாமல், அண்ணன் ஊர் நிலையத்தில் போட அனுமதி கேட்டோம். நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது அடி

மனுவை எழுதும் முன் ஒவ்வொரு காயத்தையும் சொல்லி அவரிடம் கேட்டேன். நெற்றி சரி. கை சரி. தோள்பட்டை?

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கைய விட்டதுக்கப்பறமும் ஒன்னு போட்டனுங்க மேடம்” என்றார்.

“எங்க நின்னாரு அப்போ? காட்டுமா.”

எழுந்து நின்று காட்டினார். அந்தச் சமையலறை நீளவாக்கில் குறுகலானது, ஒரே வாசல். நெற்றியில் அடி பட்டதும் கணவர் பின்வாங்கி அந்த வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இவர் இரண்டாவது முறை வீச, அவர் திரும்ப, அது தோளில் பட்டது. வழி கிடைத்தது, வெளியேறினார்.

சட்டத்தின் இரண்டு முனைகளும் இங்கேதான் சந்திக்கின்றன. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது என்கிறது நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு. ஆபத்து வரும் என்ற நியாயமான பயம் நீடிக்கும்வரை உரிமையும் நீடிக்கும் என்கிறது 40-ஆம் பிரிவு. பிடியை விட்டதோடு பயம் தீர்ந்ததா, வாசலை அடைத்து நிற்கும்வரை தீரவில்லையா? உயிருக்குப் பயந்தவர் செய்த எதிர்ச்செயலைப் பொன் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதே சமயம், வெளியேறும் வழி திறந்திருக்கும்போது விழும் அடி பழிவாங்கல்தான்.

இரண்டு அடியும் பிடியில் இருக்கும்போதே என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லச் சொல்வது என் வேலை இல்லை என்பது ஒரு பக்கம். நடைமுறையாகவும் அது நிற்காது, பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருப்பவரின் தோள்பட்டையின் முதுகுப்புறம் கரண்டி எட்டாது. நடந்ததை நடந்தபடி, வாசல் எங்கே இருக்கிறது என்பதோடு சேர்த்து எழுதினோம்.

விசாரணை

ஒரே சம்பவத்தில் இரு தரப்பும் புகார் கொடுத்தால் அதை வழக்கு, எதிர்வழக்கு என்பார்கள். தமிழ்நாடு காவல் நிலை ஆணையில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. பழைய எண் 588-ஏ, இப்போது 566. இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும், யார் முதலில் தாக்கியவர் என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இதைச் சுட்டிக்காட்டி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுத்தோம். பிறகு, வழக்குப் பதிந்து விசாரிக்கப் போலீஸுக்கு உத்தரவிடக் கேட்டு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 175(3)-இன் கீழ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்குப் பிரமாணப் பத்திரத்தோடு போனோம். எஃப்.ஐ.ஆர். பதிவானது, இரண்டு வழக்கும் ஒரு பெண் ஆய்வாளரிடம் வந்தன.

அவர் சமையலறையை அளந்து வரைபடம் போட்டார், கரண்டியைக் கைப்பற்றினார். அப்புறம் கணவரிடம் கடியைப் பற்றிக் கேட்டார். அப்போதுதான் கணவர் தரப்பு மாறியது. இந்த முறை, மனைவி கரண்டியோடு எதிரே வந்தார், தடுப்பதற்காகப் பிடித்தபோது கழுத்தில் கை பட்டிருக்கலாம், தான் செய்ததுதான் தற்காப்பு என்றார். ஒரு கணவர் அப்படிச் சொல்லவே கூடாது என்பதில்லை. தற்காப்பு உரிமைக்கு ஆண் பெண் பேதம் கிடையாது, கரண்டியோடு வருபவரைப் பிடித்து நிறுத்த அவருக்கும் உரிமை உண்டு. இதையே முதல் இரவில் மருத்துவரிடம் சொல்லியிருந்தால் வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கும். டி.வி.யிலிருந்து சமையலறைக்கு இடம் மாறியதுதான் அவரைக் கவிழ்த்தது.

மகளைச் சாட்சியாக்குவதா என்ற கேள்வி வந்தது. அவள் ஹாலிலிருந்து பார்த்திருக்கிறாள். நடுவர் முன் வாக்குமூலம் வாங்கினால் வழக்கு பலப்படும் என்று ஆய்வாளர் சொன்னார். தாய் மறுத்துவிட்டார். “அப்பா மேல சாட்சி சொன்ன பிள்ளைன்னு அவ வாழ்நாளெல்லாம் இருக்கோணுங்களா?” என்றார். நான் வற்புறுத்தவில்லை. தாய் வீட்டில் இருக்கும் குழந்தை சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறது என்ற வாதம் எப்படியும் வரும். வேறு சாட்சியம் கையில் இருக்கும்போது அந்தச் சுமையை ஏழெட்டு வயதுக் குழந்தை மேல் ஏற்ற வேண்டியதில்லை.

இதற்கிடையில் பாதுகாப்பு அலுவலர் வழியாகக் குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் கீழ் மனு போட்டு, பாதுகாப்பு உத்தரவும் மகளுக்கு இடைக்காலப் பராமரிப்பும் வாங்கினோம். அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் கேட்டிருக்கலாம். அவர் வேண்டாம் என்றார்.

முடிவு

கணவரின் புகார் ‘பொருண்மைப் பிழை’, அதாவது புகாரில் சொன்ன விவரம் சரியல்ல என்று முடிக்கப்பட்டது. மனைவியின் புகாரில் 85 (மனைவியைக் கொடுமைப்படுத்தியது), 115(2) (காயப்படுத்தியது), 126(2) (வழிமறித்தது) பிரிவுகளில் குற்றப்பத்திரிகை போனது. 2022-ன் சமாதானத் தாள் அதோடு இணைக்கப்பட்டிருந்தது. தன் புகார் முடிக்கப்பட்டதை எதிர்த்துக் கணவர் ஆட்சேப மனு போட்டார்.

அது நிலுவையில் இருக்கும்போதே சமரச மையத்தில் பேச்சு தொடங்கியது. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டாம், தனித்தனியாகப் பேசட்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம். பரஸ்பரச் சம்மத விவாகரத்து, நகைகளில் மீட்க முடிந்தவை நகையாகவும் மிச்சம் பணமாகவும், மகள் தாயிடம், தந்தை மாதம் இரண்டு ஞாயிறுகளில் பார்க்கலாம் என்று முடிவானது. நகையும் முதல் தவணையும் கைக்கு வந்த பிறகே கூட்டு மனுவில் கையெழுத்து என்பதில் உறுதியாக இருந்தோம். குற்ற வழக்குகளை உயர் நீதிமன்றம் சமரசத்தின் பேரில் ரத்து செய்தது.

எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. கழுத்தை நெரித்த வழக்கு விசாரணைக்கே போகாமல் முடிந்தது. ஆனால் கோவையில் வேலை மாற்றம் கிடைத்திருந்தது, வாய்தாவுக்கு வாய்தா வந்துபோகிற வாழ்க்கை வேண்டாம் என்பது அவர் முடிவு. இரண்டாவது அடி தற்காப்பா இல்லையா என்ற கேள்விக்கும் எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. முன்ஜாமீனிலும் ஆய்வாளரின் இறுதி அறிக்கையிலும் சமரசப் பேச்சிலும் அந்த வாதம் தன் வேலையைச் செய்துவிட்டது.

மாற வேண்டியவை

அவசர சிகிச்சைப் பிரிவில் கழுத்தைப் பிடித்ததாகச் சொல்லும் யாருக்கும் குரல், விழுங்குதல், கண் ஆகிய மூன்றையும் பார்த்து எழுதும் வழக்கம் வர வேண்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. ‘சிராய்ப்பு’ என்ற ஒரு வரியோடு விட்டுவிட்டால் பிறகு எந்த நிபுணர் வந்தாலும் ஈடு கட்ட முடியாது.

உதவிக்கு வருபவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். அடி வாங்கிய பெண்ணை முதலில் பத்திரமான இடத்துக்குக் கூட்டிப் போவது இயல்புதான், சரியும்கூட. ஆனால் அன்று இரவே அருகில் உள்ள எந்த அரசு மருத்துவமனையிலும் பதிவு செய்யலாம், சம்பவம் நடந்த ஊரிலேயே போக வேண்டும் என்பதில்லை. பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு.

காவல் நிலையத்தில் சமாதானமாக முடித்த மனுக்களின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். எங்கள் வழக்கில் 2022-ன் தாள் நிலையத்தில் பத்திரமாக இருந்தது. எல்லா இடத்திலும் இருக்காது.

விவாகரத்து நோட்டீஸ் வந்த பிறகும் ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால், குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் குடியிருப்பு உத்தரவை அப்போதே கேட்பது நல்லது. அடிபட்ட பிறகுதான் கேட்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் நோட்டீஸோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இன்று இரவு எங்கே தூங்கப் போகிறீர்கள் என்பதைத்தான்.